டயாலிசிஸ் யாருக்குக் கிடைக்கிறது?

வாரம் இருமுறையோ மும்முறையோ, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் டயாலிசிஸ். இச்செலவைப் பெரும்பாலான குடும்பங்களால் நெடுநாள் தாங்க இயலாது. அரசு அதை யாருக்காக ஏற்கிறது என்பது உயிர் குறித்த கேள்வியாகிறது.

தாய்லாந்து 2002-இல் குடிமக்கள் அனைவரையும் மருத்துவக் காப்பின் கீழ்க் கொணர்ந்தது. மருத்துவமனைக்குச் செல்ல 30 பாட் செலுத்தினால் போதும். ஆயினும் டயாலிசிஸ் அதில் சேரவில்லை. அரசு ஊழியருக்கும் நிறுவனத் தொழிலாளருக்கும் தனித் திட்டங்கள் அதனை வழங்கின. உழவருக்கும் கூலியாளருக்கும் வழியில்லை. நோயாளிகள் ஒன்றுதிரண்டு கேட்டனர். 2008-இல் அரசு இசைந்தது, ஒரு நிபந்தனையோடு: புதிதாகத் தொடங்குவோர் முதலில் வயிற்றுவழி டயாலிசிஸையே ஏற்க வேண்டும்.

காரணம் எளிது. இயந்திரங்களும் பயிற்சி பெற்ற செவிலியரும் நகரங்களில் குவிந்திருந்தனர். வயிற்றில் பொருத்திய குழாய் வழியே நாளுக்கு நான்கு முறை திரவம் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். திரவப் பைகளைத் தபால் துறையே வீடுதோறும் கொண்டு சேர்த்தது! தொலைதூரக் கிராமத்தாருக்கு இது நியாயமே என்பது எங்கள் கருத்து. ஆனால் அம்முறையை விரும்பாதவர் சொந்தப் பணத்தைச் செலவிட நேர்ந்தது நியாயமன்று. 2022-இல்தான் தேர்வுரிமை கிடைத்தது.

நம் நாட்டில் 2016 முதல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் கீழ், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் மாவட்ட மருத்துவமனைகளில் இலவசமாகச் சிகிச்சை பெறுகின்றனர். ஆனால் சிகிச்சை இலவசமானாலும் பேருந்துக் கட்டணமும், உடன் வருபவர் இழக்கும் நாட்கூலியும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. அதனால் ஒரு முறையைத் தவறவிடும் நிலை வந்தால், முன்னதாகவே எங்களிடம் கூறுங்கள். வயிற்றுவழி முறை உங்களுக்குப் பொருந்துமா என்று சேர்ந்து பார்ப்போம்.