வறட்சியும் வாசல் குழாயும்

தை, மாசி மாதங்களில் பட்டர்வொர்த் வட்டாரத்தில் மழை குறைவது வழக்கம். புல்தரை கருகும், புழுதி பறந்து வண்டிகளின்மேல் படியும். ஆகவே, ஆற்றில் நீர் குறையும் அந்நாட்களில்தான் வாசலில் நீர்ச் செலவு மிகுகிறது. வறட்சிக் காலக் கட்டுப்பாடு முதலில் வாசல் குழாயைக் குறிவைப்பதற்கு இம்முரண்பாடே காரணமாகும்.

பட்டர்வொர்த் மக்கள் பருகும் நீர் எங்கிருந்து வருகிறது? கெடாவின் உலு மூடாக் காடுகளில் பிறக்கும் மூடா ஆறு, கடலை நெருங்குகையில் கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடுகிறது. பினாங்கு மாநிலத்தின் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு இவ்வாறு தருவதே. லஹார் தியாங்கில் எடுக்கப்படும் நீர் சுங்கை டுவாவில் தூய்மை செய்யப்பட்டு, கடலடிக் குழாய்களின் வழியே தீவுக்கும் செல்கிறது. இவ்வாற்றின் வளத்தைக் கெடாவின் நெல் வயல்களும் நம்பியிருக்கின்றன. ஆறு ஒன்று, ஏந்தும் கைகளோ பல.

மழைக் காலத்தில் ஆற்று நீரை இறைத்து மெங்குவாங் அணையில் சேமிக்கிறார்கள். 1985 இல் அமைந்து பின்னர் விரிவாக்கப்பட்ட இவ்வணை ஏறத்தாழ 8,600 கோடி லிட்டர் கொள்ளும். எனினும், அணை நீரைப் படைப்பதில்லை. பெய்ததைக் காத்துத் தருகிறது. போடாத பணத்தைச் சேமிப்புப் புத்தகம் தருமா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரப்பர் குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டர் பாய்வதாகக் கொண்டால், அரை மணியில் 450 லிட்டர் போய்விடும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018 பிப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என வரையறுத்தார்கள். நகராட்சி நீரைத் தோட்டத்துக்கு ஊற்றவும் தடை விதித்தார்கள். அவ்வளவைக் கொண்டு பார்த்தால், அரை மணி நேரக் குழாய் நீர் 9 பேரின் ஒரு நாளைய பங்கு! வாளியும் துணியும் கொண்டால் 30 லிட்டரில் அதே வண்டியைத் துலக்கிவிடலாம்.

“காசு கட்டுகிறோம், எப்படிச் செலவழித்தால் என்ன?” என்பார் உளர். பினாங்கில் 2010 இல், மாதம் 35,000 லிட்டரைக் கடக்கும் வீடுகளுக்குக் கூடுதல் கட்டணம் கொண்டுவரப்பட்டது. ஆனால், கட்டணம் மட்டும் வசதியுள்ளவரைத் தடுத்துவிடாது. பலரும் ஒரே வேளையில் குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும். அப்போது மேல்மாடி வீடுகளும், குழாயின் கடைசியில் இருப்போரும் முதலில் தவிப்பர். ஒருவர் வீட்டுப் புல்தரை பசுமையாய் இருக்க, இன்னொருவர் வீட்டுக் குழந்தை குளிக்க நீரின்றி இருப்பது முறையன்று.

கட்டுப்பாடு தவறினால் அடுத்த படி பங்கீடு. 1998 இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இலட்சம் மக்கள் அத்துன்பத்தை அனுபவித்தனர். நீர் நின்று குழாய்கள் வெறுமையானால், வெடிப்புகளின் வழியே வெளி அழுக்கு உள்ளே புகவும் கூடும். மேலும், சேமித்து வைக்கும் தொட்டியை மூடாவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும். ஆதலின், வாசல் குழாயை அடைப்பது சிறு துன்பம். அது பெருந்துன்பத்தைத் தடுக்கும் வேலி.

எனினும், துளசி மாடத்துக்கு ஒரு சட்டம், மாளிகைப் புல்வெளிக்கு ஒரு சட்டம் என்றிருந்தால் எவரும் மதியார். வண்டி கழுவிப் பிழைப்போருக்கும், பயன்படுத்திய நீரையே வடித்து மீண்டும் பயன்படுத்த வழி காட்டவேண்டும். கட்டுப்பாடு அனைவருக்கும் பொதுவாய், காரணம் விளக்கப்பட்டதாய் இருக்கவேண்டும்.

அரிசி களைந்த நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது நம் தாய்மார் அறிந்த பழக்கம். வெயில் ஏறுமுன் வேரடியில் ஊற்றினால், ஆவியாகி வீணாவதும் குறையும். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார். அவ்வரிசையின் பொருளை ஏட்டில் கற்றால் போதாது. குழாயை மூடும் கையிலும் அது விளங்கவேண்டும்.