61 நாள் கடலுக்கு லீவு: உங்க லீவுக்குப் பணம் ஒதுக்கியாச்சா?

ஏப்ரல் 15-ஆம் தேதி ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போனீங்கன்னா, விசைப்படகு எல்லாம் நங்கூரம் போட்டு வரிசையா நிக்கும். ஜூன் 14 வரைக்கும், மொத்தம் 61 நாள், அதுங்க கடலுக்குப் போகக்கூடாது. திருவள்ளூர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் கிழக்குக் கடற்கரை முழுக்க இதே விதிதான். மீன் இனப்பெருக்கம் செய்யற நேரம், அதைக் கலைக்க வேண்டாம்னு அரசு போட்ட தடை. 2001-ல ஆரம்பிச்சப்போ 45 நாளா இருந்தது, பிறகு 61 ஆச்சு.

பணத்தைப் பத்திப் பேசற பக்கத்துல மீன்பிடி தடைக்காலம் எதுக்குன்னு கேக்கறீங்களா? வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன பலருக்கும் ஒரே குழப்பம். லீவு எடுத்தா முன்னேற மாட்டோமோன்னு பயம், எடுக்காம ஓடினா எதுக்கு ஓடறோம்னு சலிப்பு. இதை எல்லாரும் மனசு சம்பந்தப்பட்ட விஷயமாவே பேசறாங்க. என்னைக் கேட்டா, இதுல பாதிக்கு மேல பணக் கணக்கு. அந்தக் கணக்கை ராமநாதபுரம் கடற்கரையில தெளிவா பார்க்கலாம்.

தடைக்காலம் எப்போ வரும்னு படகு வச்சிருக்கறவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த ரெண்டு மாசத்துலதான் படகைக் கரையேத்தி, அடிப்பாகத்தைச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்து, வலையைச் சரி செய்வாங்க. வருமானம் பூஜ்யமா இருக்கற நேரத்துலதான் வருஷத்தோட பெரிய செலவும் வருது! முந்தின பத்து மாசத்துல கொஞ்சம் எடுத்து வச்சவர் சமாளிச்சுடுவார். வைக்காதவர் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குவார். அப்புறம் பிடிக்கிற மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்ற விலைக்கே கொடுக்க வேண்டிய நிலைமை வரும்.

படகுல வேலை பார்க்கறவங்க நிலைமை இன்னும் கஷ்டம். அவங்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது, பிடிபட்ட மீன்ல பங்குதான். படகு நின்னா பங்கும் நின்னுடும். அரசு தடைக்கால நிவாரணம் தருது. 2023 ஆகஸ்ட்ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல அதை 5,000-ல இருந்து 8,000 ரூபாயா உயர்த்தி அறிவிச்சாங்க. 8,000-ஐ 61-ஆல வகுத்துப் பாருங்க, ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். கடல்ல மீனுக்கு ஓய்வு கிடைக்குது. இவங்கள்ல பலர் வெளியூருக்குக் கூலி வேலை தேடிப் போறாங்க. அதே 61 நாள்தான், கையில பணம் இருக்கறவருக்கு அது பராமரிப்புக் காலம், இல்லாதவருக்குக் கடன் காலம்.

நம்ம லீவும் அப்படித்தான். பத்து நாள் ஊர் சுத்திட்டு வந்து கிரெடிட் கார்டு பாக்கியை ஆறு மாசம் கட்டிட்டு இருந்தா, அந்தப் பத்து நாளுக்கு நீங்க வட்டி கட்டறீங்க. அடுத்த வருஷம் லீவுன்னாலே பயம் வரத்தானே செய்யும்?

சரி, லீவே எடுக்காம இருந்தா லாபமா? ஒரு கணக்கு போடுவோம். கைக்கு வர்ற சம்பளம் 35,000. மாசம் 22 நாள், ஒரு நாளைக்கு 9 மணி நேரம்னா, மணிக்கு சுமார் 177 ரூபாய். போக வர 2 மணி நேரம் சேர்த்தா 145. ராத்திரி வீட்டுல லேப்டாப்பைத் திறந்து இன்னும் 2 மணி நேரம் சும்மா பார்த்துக் கொடுத்தா 122. அதிகமா உழைக்கறோம்னு நினைச்சுக்கிட்டு நம்ம நேரத்தோட விலையை நாமளே குறைக்கறோம். அந்த ரெண்டு மணி நேரத்துல அடுத்த வேலைக்கு உதவற ஒரு திறமையைக் கத்துக்கிட்டா அது வேற கதை. சைடு இன்கம் பார்க்கறவங்களும் அது மணிக்கு எவ்வளவு தருதுன்னு இதே மாதிரி போட்டுப் பாருங்க. 145-ஐவிடக் கம்மின்னா, தூங்கறது மேல்!

தடைக்காலம் அரசு போட்டது, சரி. தனக்குத் தானே எல்லை வச்சவங்களும் இந்தக் கரையிலேயே இருக்காங்க. பாம்பன் சின்னப்பாலம் பகுதியில கடல்பாசி எடுக்கற பெண்கள், மாசத்துல 12 நாள் மட்டும்தான் பாசி எடுக்கறதுன்னு தங்களுக்குள்ள கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. தினமும் எடுத்தா இந்த மாசம் காசு கூட வரும். ஆனா பாசி மறுபடி வளர நாள் வேணுமே. இந்தப் பெண்களோட உரிமைக்காகப் போராடின லட்சுமி மூர்த்திக்கு 2015-ல சீகாலஜி விருது கிடைச்சது. பெரிய வசதி இல்லாதவங்களே 12 நாள் போதும்னு முடிவு பண்ண முடிஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் மெயிலைப் பார்க்காம இருக்க நம்மளால முடியாதா என்ன?

இப்போ நீங்க செய்ய வேண்டியது. முதல்ல மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி. மாசம் 22,000 செலவுன்னா 66,000. இது இல்லாம டூர் பிளான் போடாதீங்க, இதுல நான் கறார். அது சேர்ந்த பிறகு தனியா ஒரு ஆர்.டி. ஆரம்பிங்க. மாசம் 2,000 போட்டா வருஷத்துக்கு 24,000, வட்டி தனி. அதுக்குத் 'தடைக்கால நிதி'ன்னே பேர் வைங்க. சம்பளம் வந்த மறுநாளே ஆட்டோ டெபிட் ஆகணும். அந்தப் பணம் அனுபவிக்கறதுக்குத்தான். அதை எடுத்து ஷேர்ல போடணும்னு கை அரிக்கும், போடாதீங்க.

அடுத்தது தேதி. ஹெச்.ஆர்.கிட்ட உங்க லீவு பாக்கி எவ்வளவுன்னு கேளுங்க. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-படி, ஒரு வருஷம் வேலை பார்த்தவருக்கு சம்பளத்தோட 12 நாள் விடுமுறை உண்டு. தற்செயல் விடுப்பும் மருத்துவ விடுப்பும் அதுக்கு மேல. "எடுக்காத லீவைக் காசாக்கிக்கலாமே"ன்னு சிலர் சொல்வாங்க. வேலையில இருக்கும்போதே காசாக்கினா அது சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு வரும். தனியார் ஊழியருக்கு 25 லட்சம் வரைக்குமான விலக்கு, ஓய்வு பெறும்போதோ வேலையை விடும்போதோ வாங்கற தொகைக்குத்தான். பழைய வரி முறையில இருந்து, உங்க சம்பளத்துல எல்.டி.ஏ. இருந்தா, நாலு வருஷத் தொகுதிக்கு ரெண்டு தடவை உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு விலக்கு கிடைக்கும். அதுக்கும் நிஜமாவே லீவு போட்டுப் போயிருக்கணும், புது முறையில இது கிடையாது.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டு ராமேஸ்வரமே போகலாம்னு தோணுதா? புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள்ள போகுது. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், அதனால லீவு தேதியை அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. தடைக்காலத்துல போனீங்கன்னா நாட்டுப்படகு மீன்தான் வரும், விலையும் ஏறியிருக்கும். சாப்பாட்டுச் செலவுல அதையும் சேர்த்துக்கோங்க.