கல்லூரி மாணவரின் ஆங்கிலக் கேட்டல், படித்தல் திறன் தேர்வு

பிறர் பேசும் ஆங்கிலத்தையும் அச்சில் உள்ள ஆங்கிலத்தையும் ஒரு மாணவர் எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறார் என்று அளந்து பார்ப்பது கேட்டல், படித்தல் திறன் தேர்வு ஆகும். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு மொழித்திறன்களில் பேச்சையும் எழுத்தையும் ஆசிரியர் நேரடியாகக் கேட்டும் பார்த்தும் மதிப்பிடலாம். புரிதல் மாணவரின் மனத்துக்குள் நடப்பது. அவர் தரும் விடையை வைத்து உள்ளே என்ன நடந்தது என்று ஊகிக்கத்தான் முடியும். இத்தேர்வின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஊகத்தில்தான் தொடங்குகின்றன.

கன்னிவாடி மாணவரும் ஆங்கிலமும்

திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பேரூராட்சி கன்னிவாடி. பாளையக்காரர் காலத்தில் இது ஒரு பாளையமாக இருந்தது. இவ்வூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் திண்டுக்கல் பக்கம் பஸ் ஏறுகிறார்கள். தமிழ்வழியில் படித்து வருபவர் அவர்களுள் பலர். பள்ளியில் ஆங்கிலம் ஒரு பாடமாக முதல் வகுப்பிலிருந்தே இருந்திருக்கும். கல்லூரியில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் என்று அது தொடரும். இத்தனை ஆண்டுகளில் அவர்கள் எழுதிய ஆங்கிலத் தேர்வுகள் ஏறத்தாழ எல்லாமே தாளில் எழுதியவை. காதால் கேட்டு விடை சொல்லும் தேர்வு அரிதாகவே வந்திருக்கும்.

இதனால் ஒரு மாணவரின் ஆங்கிலம் இரண்டு அளவில் வளர்ந்திருக்கும். பத்தியைக் கொடுத்தால் பொருள் சொல்லுவார். அதே பத்தியை ஒருவர் இயல்பான வேகத்தில் வாசித்தால் பாதி நழுவிவிடும். வேலைக்கான நேர்காணலில் முதல் கேள்வியே காதுக்குப் பிடிபடாதபோது, அவருக்கு ஆங்கிலமே தெரியாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மாறாக, மனப்பாடத்தால் பகுதி 2 ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்குப் புதிய பத்தி ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள வராமல் இருக்கலாம். இரு திறன்களையும் தனித்தனியே அளந்தால்தான் எவருக்கு எதில் உதவி வேண்டும் என்று தெரியும்.

இந்தியாவில் இதன் தடம்

இங்கு இந்த எண்ணம் புதியதன்று. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவருக்கு முதலில் வேண்டியது ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளும் திறனே என்று வாதிட்டார். அவருடைய ஆய்வு நூல் 1926-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களைக் கொண்ட அவருடைய பட்டியல் 1953-இல் வந்தது. படித்தல் தேர்வுக்குப் பத்தி எழுதுவோர் சொல்லின் கடினத்தைப் பார்க்க இத்தகைய பட்டியல்களை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

தமிழகத்துக்கு நெருக்கமான சான்று என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர் – சென்னைத் திட்டம். 1979 முதல் 1984 வரை நடந்த இத்திட்டத்தில் பள்ளி மாணவருக்கு இலக்கண விதிகளைச் சொல்லித்தராமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது போன்ற வேலைகளின் வழியே ஆங்கிலம் கற்பித்தார்கள். திட்டத்தின் முடிவில் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் ஆகிய இருவரும் அதை மதிப்பிட்டு 1985-இல் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் வைத்த சோதனைகளுள் சொல்வதெழுதலும் கேட்டல் – படித்தல் சோதனையும் இருந்தன. இரு முறைகளில் படித்த பிள்ளைகளை ஒப்பிடும்போது, ஒரு முறைக்கு மட்டும் சாதகமான தேர்வை வைத்தால் நியாயமாகாது. அதனால் இரு தரப்புக்கும் பொதுவான அளவுகோல் தேவைப்பட்டது. கேட்டுப் புரிதலும் படித்துப் புரிதலும் அந்த இடத்தில் உதவின.

கல்லூரி அளவில் இன்று பலரும் அறிந்தது, 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம். இதன்கீழ் கேம்பிரிட்ஜ் நிறுவனத்துடன் சேர்ந்து கல்லூரி மாணவருக்கு ஆங்கிலப் பயிற்சி தரப்பட்டது. அந்நிறுவனத்தின் லிங்குவாஸ்கில் தேர்வில் கேட்டலும் படித்தலும் ஒரே பகுதியாகக் கணினியில் நடக்கும். மாணவர் சரியாக விடையளித்தால் அடுத்த வினா சற்றுக் கடினமாக வரும். தவறினால் எளிதாக வரும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அதே வினா வரவேண்டும் என்பதில்லை. இறுதியில் ஏ1 முதல் மேல்நோக்கிச் செல்லும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் நிலைகளில் முடிவு சொல்லப்படும். ஆறு நிலைகள் கொண்ட அச்சட்டகத்தை ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்டது.

படித்தல் தேர்வு

பின்வரும் வாக்கியத்தைப் பாருங்கள்: "மிலுவன் தெவரையில் மூன்று கொவளைகளைப் பிருவினான்." இதில் பொருளுள்ள சொல் 'மூன்று' ஒன்றுதான். ஆனாலும் மிலுவன் எங்கே பிருவினான், எத்தனை கொவளைகளைப் பிருவினான் என்று கேட்டால் எவரும் சரியாக விடை சொல்லிவிடுவர். நம் வினாத்தாள்களில் பத்திக்குக் கீழே வரும் பல வினாக்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இந்த உத்தி பள்ளியிலேயே கைவந்துவிடுகிறது. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. வினா அதைத்தான் கேட்கிறது.

நல்ல படித்தல் தேர்வில் வினாவின் சொற்கள் பத்தியின் சொற்களாக இரா. பத்தியின் மையக் கருத்து எது, எழுதியவர் இதை ஏற்கிறாரா மறுக்கிறாரா, மூன்றாம் வரியில் வரும் 'அது' எதைக் குறிக்கிறது, இதிலிருந்து அடுத்து என்ன நடக்கும் என்று தெரிகிறது என்பன போல அவை அமையும். நேரடித் தகவலைக் கேட்கும் வினாவும் சில இருக்கலாம்.

பத்தியின் பொருள் தெரிவதிலும் கவனம் வேண்டும். பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றிய பத்தி கன்னிவாடி மாணவருக்கு மொழியோடு சேர்த்து இன்னொரு சுமையையும் வைக்கிறது. அதற்காக ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைப் பற்றிப் பத்தி எழுதினால் வேறொரு கோளாறு வரும். முருங்கைக்காய் வரத்து கூடினால் விலை என்னவாகும் என்ற வினாவுக்குப் பத்தியைப் படிக்காமலேயே விடை தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பத்தியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் சிலரிடம் கொடுத்துப் பார்க்கலாம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக நூற்றுக்கு 25 சரியாகும். பத்தி இல்லாமலே அதைவிட மிக அதிகமானோர் சரியாகச் சொன்னால் அந்த வினாவை நீக்கிவிட வேண்டும்.

பத்தியில் இடையிடையே சொற்களை நீக்கி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் முறையை வில்சன் டெய்லர் 1953-இல் முன்வைத்தார். ஐந்து சொல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் நீக்கினால் ஒரு மணி நேரத்தில் தேர்வு தயாராகிவிடும். வினாத்தாள் தயாரிக்க நேரம் கிடைக்காத ஆசிரியர்களுக்கு இது நல்ல துணை.

கேட்டல் தேர்வு

படிக்கும்போது கண் பின்னால் போய் வரலாம். கேட்கும்போது ஒலி போனால் போனதுதான். எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறது. பேச்சில் அது இல்லை. "வாட் டூ யூ வான்ட் டு டூ" என்று பாடத்தில் படித்தது, பேசுபவர் வாயில் "வாட்யவானடூ" என்று ஒரே சொல்லாக வரும். அந்த ஆறு சொற்களும் மாணவருக்குத் தெரிந்தவைதாம். தெரிந்த சொல்லையே அடையாளம் காண முடியாமல் போவதுதான் இங்கு நேர்வது.

எழுத்துவழியே கற்ற உச்சரிப்பும் ஒரு காரணம். 'வெஜிடபிள்' என்று பழகிய காதுக்கு 'வெஜ்டபள்' வேறு சொல்லாகப் படும். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டையும் பிரித்தறிய அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனிக்க வேண்டும். தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுவதால் கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' இரண்டும் நம் காதுக்கு எளிதில் பிரிந்து கேட்கும். ஆனால் அணியும் கோட்டையும் வெள்ளாட்டையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டுமே 'கோட்' தான். வினா தயாரிப்பவர் இவற்றைத் தெரிந்து வைத்திருந்தால், மாணவர் தவறியது பொருளிலா ஒலியிலா என்று பிரித்துப் பார்க்கலாம்.

எந்த உச்சரிப்பைக் கேட்க வைப்பது என்பதும் ஒரு கேள்வி. லண்டன் உச்சரிப்பு ஒன்றையே வைத்துச் சோதிப்பதில் பொருளில்லை. கன்னிவாடி மாணவர் நாளை பேசப்போவது சென்னை, பெங்களூர், புனே அலுவலகங்களில் இருப்பவர்களுடன்தான். இந்திய ஆங்கிலக் குரல்களும் அயல்நாட்டுக் குரல்களும் கலந்திருப்பதே பொருத்தம்.

அடுத்து, வினாவின் நீளம். ஒலிப்பதிவு ஓடும்போதே நான்கு நீண்ட விடைகளை ஆங்கிலத்தில் படித்து ஒப்பிட வேண்டும் என்றால் அது கேட்டல் தேர்வாகவே இராது. படிப்பில் மெதுவாக இருப்பவர் அங்கேயே தோற்றுவிடுவார். விடைகள் ஓரிரு சொல்லாகவோ படமாகவோ எண்ணாகவோ இருக்கலாம். கல்லூரிக்குள் நடத்தும் தேர்வில் வினாவைத் தமிழிலேயே அச்சிடுவதும் தவறில்லை. சோதிக்க வேண்டியது காதில் விழுந்த ஆங்கிலம் புரிந்ததா என்பதைத்தான். ஆங்கிலத் தேர்வில் தமிழா என்று சில துறைகளில் முகம் சுளிப்பார்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ஒலிப்பதிவை ஒருமுறைதான் ஒலிக்க விடுவார்கள். 40 வினாக்களுக்கு ஏறத்தாழ 30 நிமிடம். படித்தலிலும் 40 வினாக்கள். நேரம் 60 நிமிடம். கேட்டுப் பழகாத முதலாண்டு மாணவருக்கு இருமுறை ஒலிக்கச் செய்வதே நல்லது. அறையையும் பார்க்க வேண்டும். மின்விசிறி இரைச்சலில், முன்னால் ஒரே ஒலிபெருக்கியை வைத்து 60 பேருக்குத் தேர்வு நடத்தினால், கடைசி பெஞ்சுக்காரரின் மதிப்பெண் அவர் உட்கார்ந்த இடத்தைத்தான் காட்டும். காதொலிக் கருவிகள் 20 தான் உண்டு என்றால் மூன்று குழுவாக நடத்தலாம். ஆனால் முதல் குழு வெளியே வந்து வினாவைச் சொல்லிவிடாதபடி ஒலிப்பதிவை மாற்ற வேண்டும்.

வினாக்களைச் சோதித்தல்

மாணவரைச் சோதிக்கும் முன் வினாவைச் சோதிக்க வேண்டும். 60 பேர் எழுதிய முன்தேர்வில் ஒரு வினாவுக்கு 33 பேர் சரியாக விடையளித்தால் அதன் எளிமைக் குறியீடு 33/60, அதாவது 0.55. பிறகு மொத்த மதிப்பெண்ணில் முதல் 27 விழுக்காட்டினரையும் கடைசி 27 விழுக்காட்டினரையும் பிரிக்க வேண்டும். 60 பேரில் இது தலா 16 பேர். மேல்குழுவில் 12 பேரும் கீழ்க்குழுவில் 4 பேரும் சரியாகச் சொல்லியிருந்தால் வேறுபாடு 8. அதை 16-ஆல் வகுத்தால் 0.5. இது நல்ல வினா. கீழ்க்குழுவில் அதிகமானோர் சரியாகவும் மேல்குழுவினர் தவறாகவும் விடையளித்திருந்தால் பெரும்பாலும் விடைக்குறிப்பிலேயே பிழை இருக்கும், அல்லது இரண்டு விடைகள் பொருந்தக்கூடியவையாக இருக்கும்.

மதிப்பெண்ணைப் படித்தல்

கேட்டலில் 9, படித்தலில் 16 பெற்றவரையும், கேட்டலில் 13, படித்தலில் 12 பெற்றவரையும் மொத்தம் 25 என்று ஒரே வரிசையில் வைத்தால் தேர்வு நடத்திய வேலை வீண். முதலாமவருக்கு ஏற்கெனவே படித்த பாடங்களையே ஒலிப்பதிவாகக் கேட்கத் தரலாம். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்கும் பழகும். இரண்டாமவர் பஸ்ஸிலும் செல்போனிலும் ஆங்கிலம் கேட்டுப் பழகியவராக இருக்கலாம். அவருக்கு நீண்ட பத்திகளைப் படிக்கும் பழக்கம் வேண்டும். ஒரு பருவம் கழித்து மீண்டும் அளக்கும்போது பழைய பத்திகளையும் பழைய ஒலிப்பதிவையும் பயன்படுத்தக் கூடாது. அவை நினைவில் இருக்கும். அதே கடினத்தில் இன்னொரு தாள் வேண்டும். இரண்டு தாள்களையும் பருவத் தொடக்கத்திலேயே தயாரித்து, வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு மற்றொன்றையும் கொடுத்து, பருவ இறுதியில் மாற்றிக் கொடுப்பது வழக்கம்.