மார்ஜரி சொன்ன சொல்

ரோஜாப்பூப் போர்கள் என்றதும் சரித்திர மாணவர் நினைவில் எழுவன போர்க்களங்களும் முடியிழந்த மன்னருமே. எனக்கோ, நோர்போக் மாவட்டத்துப் பாஸ்ரன் குடும்பத்தாரின் கடிதங்களே முன்வந்து நிற்கின்றன. 1787இல் ஜோன் பென் என்பார் அச்சேற்றத் தொடங்கிய அக்கடிதங்களில் மன்னர் வரலாற்றைவிட மனிதர் வரலாறே மிகுதி.

இக்குடும்பத்தின் முன்னோன் கிளெமென்ற் ஏர் பிடித்து உழுதவன். அவன் மகன் வில்லியம் சட்டம் கற்று 1429இல் நீதிபதியானான். நீதிபதியின் பேரன் 'சேர்' பட்டம் பெற்றான். இவ்வாறு ஏணியேறியவர்க்குக் கீழே இறங்க மனம் வருமோ?

வரவில்லை என்பதற்கு 1469ஆம் ஆண்டே சான்று. அவ்வீட்டுப் பெண் மார்ஜரி, குடும்பத்தின் காணிகளை மேற்பார்த்த காரியஸ்தன் ரிச்சட் கோலை இரகசியமாக மணந்திருந்தாள். அன்றைய திருச்சபைச் சட்டத்தின்படி, குருவும் சாட்சியும் இல்லாவிடினும், இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாக நிகழ்காலத்திற் சொல்லிவிட்டால் அது மணமே. ஆகவே வழக்கு முழுவதும் ஓர் இலக்கண வினாவாகிவிட்டது!

நோர்விச் மேற்றிராணியார் மார்ஜரியை அழைத்து, குலப்பெருமையையும் உறவினர் கைவிடுவர் என்பதையும் எடுத்துரைத்து, அவள் சொன்ன சொற்கள் யாவை என வினவினார். அவள் அவற்றை மறைக்காமற் கூறினாள். அவை போதாவெனில் அங்கிருந்து போகுமுன்னரே இன்னும் உறுதியாக்குவதாகவும் விடையிறுத்தாள். கோலையும் தனியே விசாரித்தனர். இருவர் கூற்றும் பொருந்தின. மணம் நிலைத்தது.

தாய் மாகிரட் கதவை அடைத்தாள். மகள் வந்தால் உள்ளே விடலாகாது என்று ஏவலாளருக்குக் கட்டளை. இதனை நாம் அறிவது, அவள் மூத்த மகனுக்கு அனுப்பிய கடிதத்தால். கல்நெஞ்சம் என்று எளிதிற் சொல்லிவிடலாம். நான் அவ்வாறு சொல்லேன். அவ்வேளையில் நோர்போக் கோமகனின் படை அவர்களது கெய்ஸ்ரர் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே நின்று காத்தவன் அவளுடைய இரண்டாம் மகன். (மூத்தவனுக்கும் இவனுக்கும் ஜோன் என்றே பெயர், வாசகர் படும் பாட்டை என்னென்பது!) பெரிய இடத்துச் சம்பந்தமே கேடயமாக இருந்த காலம் அது. அம்மாகிரட்டின் முந்திய கடிதங்கள் சிலவற்றை அவளுக்காக எழுதிக் கொடுத்தவனும் கோலே. கணக்கு வழக்கறிந்த அவனைக் குடும்பம் பின்னரும் முற்றாக விலக்கிவிட முடியவில்லை.

தன் கடிதத்தை வாசித்தவுடன் எரித்துவிடுமாறு கோல் மார்ஜரியை வேண்டியிருந்தான். அஃது எரிக்கப்படவில்லை, இன்றும் வாசிக்கிறோம். 1482இல் மாகிரட் எழுதுவித்த மரணசாசனத்தில், மார்ஜரியின் மகன் ஜோன் கோலுக்கு 20 பவுண் ஒதுக்கப்பட்டிருக்கிறது.