அரைஞாண் கட்டிய நிலா

டிசம்பர் போயா வந்துவிட்டால் மஸ்கெலியாப் பக்கத்து லயங்களின் வாசலில் நின்றே சிவனொளிபாதமலையைப் பார்க்கலாம். நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை படிவரிசையில் எரியும் விளக்குகள், இருட்டில் தொங்கவிட்ட மாலை மாதிரித் தெரியும். 2,243 மீற்றர் உயரமான அந்த மலையை ஒருவர் தூக்கி 800 கிலோமீற்றர் தெற்கே வைத்தார். கதையில்தான்.

1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆர்தர் சி. கிளார்க்தான் அவர். ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ என்ற 1979ஆம் ஆண்டு நாவலில், விண்வெளிக்கு ஏறிப்போக ஒரு மின்தூக்கி கட்ட இந்த உச்சியைத் தேர்ந்தெடுத்தார். அத்தகைய தூக்கிக்கு அடித்தளம் பூமத்திய ரேகையில் அமைவதே வசதி. நம் மலையோ ஏறக்குறைய ஏழு பாகை வடக்கே நிற்கிறது. ஆகவே தீவையே நகர்த்திவிட்டார். தோட்டத்தில் எல்லைக்கல் ஒரு முழம் நகர்ந்தாலே வழக்கு. எழுத்தாளருக்குத்தான் இந்தச் சலுகை.

அதற்குப் பதினொரு வருடம் முன்பே, ‘2001’ நாவலில் அவர் விண்கலம் அனுப்பியது சனியின் ஐயாபெட்டஸ் என்ற நிலாவுக்கு. திரைப்படத்தில் பயணம் வியாழனோடு நின்றது. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் காட்ட அப்போது முடியவில்லை.

ஐயாபெட்டஸ் அன்றே புதிர்தான். 1671இல் அதைக் கண்டுபிடித்த கசினி, சனிக்கு மேற்கே தெரியும் நிலா கிழக்கே போனதும் காணாமற்போவதைக் கவனித்தார். ஒரு முகம் பனிவெள்ளை, மறுமுகம் கரி. சனிக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டியபடி சுற்றுவதால், முன்னால் போகும் முகம் மட்டும் தூசி வாங்குகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவரின் முகம் போல. தூசி பெரும்பாலும் ஃபீபி என்ற, எதிர்த்திசையில் சுற்றும் தூரத்து நிலாவிலிருந்து வருகிறது. ஃபீபி சிந்திய தூசியாலான பிரமாண்ட வளையத்தை ஸ்பிட்சர் தொலைநோக்கி 2009இல் காட்டித் தந்தது. கறுத்த இடம் வெயிலில் கூடுதலாகச் சூடேற, அங்குள்ள பனி ஆவியாகி வெள்ளைப் பக்கத்தில் போய் உறைகிறது. கறுப்பு மேலும் கறுக்கிறது.

இதைவிட விநோதம் 2004 டிசம்பர் கடைசியில் வந்தது. கசினியின் பெயரையே தாங்கிய விண்கலம் எடுத்த படங்களில், நிலாவின் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டியதுபோல ஒரு மலைத்தொடர்! நீளம் 1,300 கிலோமீற்றர். சில இடங்களில் உயரம் 20 கிலோமீற்றர். எட்டுப் பிதுருதலாகலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். நம் சந்திரனில் பாதி அகலம்கூட இல்லாத நிலாவுக்கு இவ்வளவு!

எப்படி வந்தது? இளவயதில் வேகமாகச் சுழன்றபோது இடுப்பு புடைத்து அப்படியே உறைந்துபோனது என்கிறார்கள் சிலர். ஐயாபெட்டஸுக்கே ஒரு வளையம் இருந்தது, அது மெல்ல மெல்ல இறங்கிக் கொட்டிக் குவிந்தது என்கிறார்கள் வேறு சிலர். வழக்கு முடியவில்லை. என் சாய்வு வளையத்தின் பக்கம். வளையம் நடுக்கோட்டுக்கு நேர்மேலேதான் சுற்றும். விழுந்தாலும் அதே கோட்டில்தான் விழும். சனியின் வளையங்களுக்கு நடுவே ஓடும் பான் என்ற குட்டி நிலாவும் வளையத் தூசியை இடுப்பில் வாங்கி, விளிம்பு தட்டிய கொழுக்கட்டை போலத்தான் இருக்கிறது.

2007 செப்டெம்பர் 10ஆம் திகதி விண்கலம் ஐயாபெட்டஸை நெருங்கிப் பறந்தது. அந்த நாளுக்காகக் கொழும்பு வீட்டிலிருந்து விஞ்ஞானிகளுக்கு ஒளிப்பதிவில் வாழ்த்து அனுப்பினார் 89 வயதுக் கிளார்க். அடுத்த மார்ச்சில் காலமானார். அன்று வந்த படங்களில் அந்த மலைத்தொடர் துல்லியமாகத் தெரிந்தது, சரியாக நடுக்கோட்டின்மேல், யாரும் நகர்த்தி வைக்காமலே.

(தொடரும்)