ஒரு துளி இரத்தமும் ஓர் எண்ணும்

கோரிமேடு என்றதும் நம் ஊராருக்கு நினைவில் எழுவது ஜிப்மர் மருத்துவமனையே. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964 முதல் இப்பெயருடன் விளங்குகிறது அது. முன்பெல்லாம் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அறிய, ஆய்வுக்கூடத்திற்கு இரத்தம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். இன்றோ நோயாளியின் கட்டிலருகிலேயே, ஏன், நம் வீட்டுக் கூடத்திலேயே, குளுக்கோமீட்டர் என்னும் சிறு கருவி சில விநாடிகளில் விடை சொல்லிவிடுகிறது. அந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம்?

நம்மில் ஒருத்தியின் பாட்டியாருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். பண்ருட்டிப் பலாவை அரிந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தவர், முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு விரலில் குத்திப் பார்த்தார். கருவி 290 என்றது! வீடே கலங்கியது. ஒரு சுளைகூடத் தின்னவில்லை என்று பாட்டியார் சத்தியம் செய்தார், யாரும் நம்பவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தபோது 142. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு செய்த வேலை அது. அவர் இன்சுலின் போடுபவராயிருந்து, 290-ஐ நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

விரலில் ஸ்பிரிட் காயாதிருந்தாலும் கணக்குத் தவறும். பட்டைகள் இருக்கும் டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்தால், நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அவற்றைக் கெடுத்துவிடும். இரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உள்ளதைவிடக் கூட்டியே காட்டும். சோகை மிகுந்த நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. சர்க்கரை அபாயமாய்க் குறைந்திருப்பது மறைந்துபோகலாம்.

நல்ல கருவியும் துல்லியமானதன்று. 2013-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 15197 என்னும் உலகத் தரவிதி, சர்க்கரை 100-க்குக் கீழிருந்தால் 15 மில்லிகிராம் வரையிலும், அதற்கு மேலிருந்தால் நூற்றுக்குப் 15 வரையிலும் வேறுபாட்டை அனுமதிக்கிறது. நூறு சோதனையில் 95 இதற்குள் அமைந்தால் போதும். எனவே உண்மையில் 60 உள்ளவருக்கு 75 என்று காட்டினாலும் கருவி தேர்ச்சி பெற்றதே. 70-க்குக் கீழ் போனாலே தாழ்சர்க்கரை என்பர் மருத்துவர். ஆகவே நோயாளி வியர்த்து நடுங்கினால், எண் நன்றாயிருக்கிறதே என்று வாளாவிருத்தல் கூடாது.

கடைத் தராசைச் சோதிக்க முத்திரை எடைக்கல் இருப்பதுபோல, இக்கருவிக்கும் ஒரு திரவம் உண்டு. அதில் சர்க்கரை அளவு முன்பே தெரியும். ஒரு துளியைப் பட்டையில் இட்டு, பட்டை டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதை வகுப்புத் தேர்வு எனலாம். ஆய்வுக்கூடங்களுக்குப் பொதுத்தேர்வும் உண்டு: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நாடெங்கும் மாதிரிகளை அனுப்பி, வரும் விடைகளை ஒப்பிட்டு அறிவிக்கின்றனர்.

புதிய டப்பா திறக்கும்போதும், கருவி கீழே விழுந்தாலும், எண்ணில் ஐயம் எழுந்தாலும் அந்தத் திரவத்தால் சோதிப்பது நலம். பாட்டியாரின் பெட்டியில் அப்படியொரு புட்டியே இல்லை. மருந்துக் கடையில் சொல்லிவைத்து வாங்கினோம்.