மேற்கே ரயில், கிழக்கே சைக்கிள்

"ஏனுங்க, ஆடிக் காத்துல மேக்க பார்த்தா மிதிச்சுட்டு வர்றீங்க?"

கொழிஞ்சாம்பாறை டீக்கடைக்காரர் கேட்டபோது பதில் சொல்ல எனக்கு மூச்சு மிச்சமில்லை. பொள்ளாச்சி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 290 மீட்டர். பாலக்காடு நூறு மீட்டருக்கும் கீழே. கணக்குப்படி வழி நெடுக இறக்கம். ஆனால் கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டியதிலிருந்து, மலையேறுகிறவனைப்போல கியரைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

"பாலக்காட்டுக்கு ரயில்ல போய், அங்கிருந்து திரும்பி ஓட்டியிருந்தா காத்தே கொண்டாந்து விட்டிருக்குமுங்களே" என்றார். அடுத்து வந்தவரிடம் மூச்சு விடாமல் மலையாளத்துக்கு மாறினார்.

மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று முழுக்க இந்தக் கணவாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. உடுமலைப் பக்கம் காற்றாலைகள் காடுபோல் நிற்பது சும்மா இல்லை. மார்கழி, தை வந்தால் அதே கணவாயில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி அடிக்கும். வரைபடமும் கைப்பேசியும் சொல்லாத இந்தச் சங்கதியை டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

கொழிஞ்சாம்பாறையில் ரயில் நிலையம் கிடையாது. சைக்கிளுக்கு அது நல்லதுதான். கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் காயலும் ரப்பரும் இங்கே இல்லை; கரிசல் மண், கரும்பு, நிலக்கடலை, வானத்தைப் பார்த்தபடி பனைகள். கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் வட்டத்தின் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள் வெளி மாவட்டங்களுக்கும் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் காற்று வாங்கத்தான் வருகிறார்கள் என்று சொல்ல முடியாது.

இந்த வட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தின் துண்டு நிலம். சுற்றிலும் பிரிட்டிஷ் மாவட்டங்கள் சூழ, தனித்தீவாகக் கிடந்தது. 1956ல் கேரளத்தோடு சேர்ந்தது. வீட்டுப் பேச்சு மட்டும் கொங்குத் தமிழாகவே நின்றுவிட்டது.

தெற்கே மீனாட்சிபுரம் பக்கம் திரும்பினால் கன்னிமாரியை அடுத்து பிளாச்சிமடை. 2000ல் கோக்கோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் கெட்டுப்போனதாக 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அந்த வழியே போகும்போது பாட்டிலில் இருந்த தண்ணீரை அளந்துதான் குடித்தேன். வெயில் மட்டும் அதற்குக் காரணமில்லை.

இனி ரயில். பாலக்காடு-பொள்ளாச்சிப் பாதை 1932ல் மீட்டர் கேஜாகத் திறந்தது. 2008 கடைசியில் அகலப்பாதைக்காக மூடினார்கள்; மீண்டும் ஓட 2015 ஆயிற்று. ராமேஸ்வரம் வரை நேர் வண்டி ஓடிய தடத்தில் இப்போது வண்டிகள் குறைவு, நிற்கும் இடங்கள் அதைவிடக் குறைவு. நேரம் பார்த்துவிட்டுப் புறப்படுவது உத்தமம். சைக்கிளை லக்கேஜாகப் பதிவதென்றால் பெரிய நிலையத்தில்தான் முடியும். மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர் பாக்கியவான்.

பாலக்காட்டிலிருந்து கிழக்கே வரும்போது வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள். கொல்லங்கோடு வந்ததும் நெல்வயலின் விளிம்பிலேயே நெல்லியாம்பதி மலை செங்குத்தாக எழும். மழைக்காலத்தில் அந்தச் சுவர் முழுக்க வெள்ளை நூல் தொங்கவிட்டதுபோல அருவிகள். அவற்றில் பேர்பெற்றது சீதார்குண்டு. அடுத்தது முதலமடை. நடைமேடையை ஆலமரங்கள் மூடிய நிலையம். 2004ல் வந்த 'வெட்டம்' மலையாளப் படத்தில் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வெளியே மாந்தோப்புகள், நாட்டின் மற்ற இடங்களில் பூ உதிரும் முன்பே இங்கே காய் பறித்துவிடுவார்கள்.

இதே முதலமடை ஊராட்சியில்தான் பரம்பிக்குளமும் இருக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்கு வர வேண்டிய பரம்பிக்குளத்துக்காரர் டாப்சிலிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மறுபடி எல்லை தாண்டித்தான் வர வேண்டும். நமக்கும் அதே வழிதான். சைக்கிளைப் பொள்ளாச்சியில் விட்டுவிட வேண்டும். 2010 முதல் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். வனத்துறை வழிகாட்டி இல்லாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

அங்கே காட்டுக்குள் நடக்கும்போது காலடியில் இன்னொரு ரயில் புதைந்து கிடக்கிறது. கொச்சி அரசு 1907 வாக்கில் ஓடவிட்ட வன டிராம்வே. சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தேக்கு இறக்கவே போட்ட பாதை. செங்குத்துச் சரிவுகளில் எஞ்சின் இல்லை. மரம் ஏற்றிய பெட்டிகள் கீழே இறங்கும் கனமே, கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய காலிப் பெட்டிகளை மேலே இழுத்தது. 1963ல் மூடிவிட்டார்கள். இறங்குகிறவன் ஏறுகிறவனை இழுக்கும் அந்த ஏற்பாட்டை நினைத்தபடி நடந்தபோது, பொள்ளாச்சி இறக்கத்தில் நான் பட்ட பாடு கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மார்கழியில் மறுபடி வந்தேன். பொள்ளாச்சியில் விடியற்காலை ஏறி உட்கார்ந்ததும் முதுகில் கை வைத்துத் தள்ளியது கீழைக்காற்று. கோபாலபுரம் வரை மிதித்த ஞாபகமே இல்லை. டீக்கடைக்காரர் கடியாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பச் சரி" என்றார். "ஆனா திரும்பறதுக்கு ரயிலு எத்தனை மணிக்குன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.